காற்றோட்டமான அறை

அந்தத் திரை பச்சை நிறம். ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்க்கக் கிடைக்கிற, துவைத்துத் துவைத்து மங்கிப்போன பச்சை. மாடியிலிருந்த அந்த அறையின் பின்கதவை நர்ஸம்மா திறந்து கொக்கியை மாட்டியதும், ஆடி மாதத்துக் காற்று உள்ளே புகுந்து திரையைத் தூக்கியது. இடுப்பு உயரத்துக்கு எழும்பிய திரை ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மெல்ல இறங்கியது. அதற்கு அப்பால் மொட்டை மாடியும், வேப்பமரத்தின் உச்சிக் கிளைகளும் தெரிந்தன. மேஜையில் படுத்திருந்த மதினி தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தார். அதுவரை இருந்த நடுக்கம் நின்றது. வாசலில் நின்றிருந்த நான், ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு, "பாருங்க மதினி, காத்து எம்புட்டு நல்லா வருது" என்றேன். வாழ்நாளில் எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி இருந்தால், அந்த ஏச்சுக்களையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இதைத்தான் வாங்கிக்கொள்வேன்.

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வயதாகாமல் இறந்தார் என்றால் எப்படி என்று யாரும் கேட்பதில்லை, எந்தக் கம்பெனி என்றுதான் கேட்பார்கள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து செலுத்தும் அறையில் அவனுக்கு வேலை. தீபாவளி சீசன் நெருங்கிய நேரம். ஆர்டர் குவிந்துகிடந்தது, பெட்டி அடுக்க இடமில்லை. பின்கதவை அடைத்து அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அன்றைக்குக் காற்று அதிகம். மருந்து பறக்கிறது என்று முன்கதவையும் யாரோ சாத்தினார்கள். எதில் எது உரசியது என்று தெரியாது. ஓடுவதற்கு இரண்டு மூன்று நொடி கிடைத்திருக்கும், கதவு திறந்திருந்தால் அது போதும். அண்ணனை அந்த முன்கதவுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தார்கள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

அப்போது நான் வேறொரு கம்பெனியில் சாதாரண வேலையாள். அதற்குப் பிறகு பிடிவாதமாகப் போர்மேன் ஆனேன். போர்மேன் என்றால் அறைகளுக்குக் காவல் என்று அர்த்தம். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கதவுகள் எதிரெதிராக இருக்க வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நடக்கும்போது அகலத் திறந்தே கிடக்க வேண்டும். வாசலில் ஒரு செருப்புக்கூடக் கிடக்கக் கூடாது. காலையில் வேனிலிருந்து இறங்கியதும் என் முதல் வேலை ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவுகளைத் திறந்து கொக்கி மாட்டுவதுதான். ஒரு அறையின் வாசலில் நின்று மூச்சை இழுத்தாலே அது நல்ல அறையா, ஆளைத் தின்கிற அறையா என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. முப்பது வருஷம் என் கீழே இருந்த அறைகளில் ஒரு உயிர் போகவில்லை. அதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கேட்காதவர்களிடமும்.

மதினிக்கோ சாத்திய கதவே ஆகாது. வீட்டில் மழை உள்ளே அடித்தாலும் வாசல் கதவு திறந்துதான் இருக்கும். குளிக்கும்போது தாழ்ப்பாள் போட மாட்டார், மகளை வெளியே காவலுக்கு உட்காரவைத்துவிட்டு வெறுமனே சாத்திக்கொள்வார். பஸ்ஸில் ஏறினால் படிக்கட்டை ஒட்டிய சீட்டுக்காக நின்றுகொண்டே வருவார். ஊரில் இதைக் கேலி பேசினார்கள். நான் ஒருவன்தான் சிரிக்காதவன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம். அதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அண்ணன் போன பிறகு அவர் சரவெடி பின்னும் வேலைக்கு வந்தார். என் அறைகளில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தார். திரியோடு திரி சேர்த்து, நூல் சுற்றி, அடுத்த வெடி, அடுத்த வெடி என்று விரல்கள் தானாக ஓடும். ஒருநாள் அந்த விரல்கள் தடுமாறுவதைப் பார்த்தேன். திரியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். "என்ன மதினி?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லய்யா, மஞ்சப் பனி மாதிரி இருக்கு" என்றார். வெயில் கொளுத்துகிற சித்திரை மாதம் அது. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்தால் பழையபடி தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. அண்ணன் மகள் படித்தவள், விருதுநகரில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அவள் விருதுநகரிலேயே ஒரு ஆஸ்பத்திரியை விசாரித்து வைத்திருந்தாள். மூன்று பேரும் போனோம். ஆபரேஷன் தியேட்டரைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். ஜன்னலே இல்லை. ஒரு கதவைத் தாண்டி இன்னொரு கதவு, அதற்குப் பின்னால் மூன்றாவது கதவு. மூன்றும் தானாக மூடிக்கொள்கிறவை. ஒருத்தர் உள்ளே போனதும் கதவு மெல்ல வந்து பொருந்தி, ஒரு சின்னச் சத்தத்தோடு அடைத்துக்கொண்டது. பக்கத்தில் மதினி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். வெளியே வந்ததும், "இது ரூம்பே இல்ல, பெட்டி" என்றேன். அண்ணன் மகள் விளக்கிப் பார்த்தாள். "சித்தப்பா, அது அப்படித்தான் இருக்கணும். காத்த வடிகட்டி உள்ள விடுறாக" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஏ பாப்பா, நான் பார்க்காத ரூம்பா? நீ பொறந்த நாள்லருந்து இதத்தான பார்க்கேன்" என்று அவள் வாயை அடைத்தேன்.

பிறகு நானே அலைந்து ஒரு இடம் கண்டுபிடித்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். மாடி வீடு ஒன்றின் மேல்தளத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் தங்கமான மனுஷர், சிரித்த முகம், நோயாளியின் ஊர், பிள்ளைகள், வேலை எல்லாம் விசாரிப்பார். அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாகப் பாருங்கள் என்றார். பார்த்தேன், போர்மேன் பார்க்கிற மாதிரியே. எதிரெதிராக இரண்டு கதவுகள். இரண்டும் வெளிப்பக்கமாகத் திறந்தன. பெரிய ஜன்னல், கம்பி வலை. தரை சுத்தமாகக் கழுவியிருந்தது. பின்கதவைத் தாண்டினால் மொட்டை மாடி, அங்கிருந்து இறங்கத் தனிப் படி. படிகளைக்கூட எண்ணினேன். வாசலில் நின்று மூச்சை இழுத்தேன். வேப்பம்பூ வாசனை வந்தது. கருவிகளை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒருவருக்குப் பயன்படுத்தியதை அடுத்தவருக்கு எடுப்பதற்குள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. திரும்பி வந்து மதினியிடம் சொன்னேன்: "ரூம்பு அருமையான ரூம்பு. நம்ம கம்பெனியில கூட அப்பிடி ஒண்ணு கெடையாது." அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ பாத்தா சரிதான்யா" என்றார்.

ஆபரேஷன் அன்று கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் விளக்குக்கும் மிஷினுக்கும் மட்டும் ஓடியது. அறை புழுங்கியது. நர்ஸம்மா பின்கதவைச் சாத்திவிட்டு முன்கதவுக்கு வந்தபோது மதினியின் உடம்பு ஆடத் தொடங்கியது. கால்கள் மேஜையில் தட்டின. வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான், "பின் கதவையாவது தெறந்து வைங்கம்மா, அவுக பயப்புடுதாக" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்த டாக்டர் திறந்த கதவைப் பார்த்தார். "சாத்திரலாமே" என்றார். நான் விடவில்லை. அண்ணன் கதையை நாலு வரியில் சொன்னேன். அவர் முகம் இளகிவிட்டது. "சரி, கொஞ்ச நேர வேலைதானே, இருக்கட்டும்" என்றார். அவர் கொஞ்சம் கண்டிப்பானவராக, மனுஷத்தன்மை குறைந்தவராக இருந்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் கட்டைப் பிரித்தபோது, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரின் தேதியை மதினி வாசித்தார். பெரிய எழுத்தை இல்லை, அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அண்ணன் மகள் என்னைப் பார்த்து, தான் சொன்னது தப்புதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். அந்தக் கண் பார்த்தது அந்த ஒரு நாள். மறுநாள் குத்துவலி என்றார். சாயங்காலம் கண் சிவந்து வீங்கியது. அதற்கடுத்த காலையில் கண்ணோரம் சீழ் கோத்திருந்தது. எதிரில் நின்ற மகளை நிழல் மாதிரித்தான் தெரிகிறது என்றார். டாக்டர் பதறிப்போய், காரில் அவரே கூட வந்து மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அங்கே கேஸ் எழுதியது ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். எப்போது செய்தது, என்ன மருந்து விட்டார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "தியேட்டர் எப்படி இருந்துச்சு?" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குள் இருந்த போர்மேன் முந்திக்கொண்டான். "நல்ல காத்தோட்டமான ரூம்பும்மா. ரெண்டு கதவு. பின் கதவத் தெறந்தே வச்சிருந்தோம்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நான் சொல்வதன் அர்த்தம் எனக்கே தெரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மறுபடி குனிந்து எழுதினார்.

பதினோரு நாள் அங்கே இருந்தோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஒருநாள் நடைபாதையில் அந்தப் பெண் டாக்டரை நிறுத்திக் கேட்டேன், கதவினால்தானா என்று. "அடிச்சுச் சொல்ல முடியாதுங்கய்யா" என்றார். கருவியில் இருந்து வந்திருக்கலாம், கண்ணைக் கழுவின தண்ணீரில் இருந்து வந்திருக்கலாம், நோயாளியின் இமையிலேயே இருந்திருக்கலாம், காற்றில் வந்த தூசியாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்த இடத்திலும் ஆயிரத்தில் ஒருவருக்கு வந்துவிடுவது உண்டு. பிறகு, ஆறுதலுக்காகவோ என்னவோ, "ஆனா அந்த ரூமுக்குள்ள வெளிக்காத்து வரவே கூடாதுங்கய்யா, அதுக்குத்தான் அவ்வளவு கதவு" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. எங்கள் அறைகளில் ஆபத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது, மனிதன் வெளியே ஓட வழி வேண்டும். கண் ஆபரேஷன் அறைக்கு ஆபத்து வெளியே இருந்து வருகிறது, அது நுழைய வழி இருக்கக் கூடாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரிந்துவிடும். அண்ணன் மகள் அதைத்தான் சொன்னாள். முப்பது வருஷம் கதவு திறந்த ஒருவன் அவள் வாயை அடைத்தான்.

கண் தங்கியது, பார்வை தங்கவில்லை. கம்பெனிக்குத் திரும்பி வந்த மதினி ஒற்றைக் கண்ணோடு பின்னிப் பார்த்தார். திரி ஒரு இடத்தில் இருக்க, விரல் பக்கத்துக் காற்றைப் பிடித்தது. நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அவராகவே வரவில்லை. அவர் என்னை ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் அதற்கு நேர்மாறாகச் செய்தார். யார் கேட்டாலும், "நாந்தான் கதவத் தெறக்கச் சொன்னேன், பயத்துல" என்றார். நான் மறுத்தால், "ஒனக்கு ஞாபகமில்லய்யா" என்று முடித்துவிடுவார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதையே வருஷக்கணக்கில் கேட்டுக்கேட்டு, சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது. அவர் உதடு அசைந்ததா? மேஜையில் கால் தட்டிய சத்தத்துக்கு நடுவில் ஏதாவது சொன்னாரா? அப்படி நம்பிவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். அந்த நிம்மதிக்கு ஆசைப்படுகிறேன் என்று தெரியும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது. மாடி வீடுகளில் காயப்போட்ட பச்சைத் துணி ஏதாவது காற்றில் எழும்பினால் இன்றைக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் கடந்துபோகிறேன்.

இந்த ஆடியோடு ஏழு வருஷம் ஆகிறது. எனக்கும் புரை விழுந்தது. இரண்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் ஒப்பேற்றினேன். போன மாசம், தாயில்பட்டி போக நின்றவன் பலகையைத் தப்பாக வாசித்து ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் ஏறிப்போய் அங்கே இறங்கி முழித்தேன். செய்தி மதினிக்குப் போய்விட்டது. நேராக வீட்டுக்கு வந்தார். என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டி, "எத்தன?" என்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "ஆபரேசன் செஞ்சுக்கிட மாட்டேன் மதினி. இப்பிடியே இருக்கட்டும். இது எனக்கு வேணும்" என்றேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நீயும் கண்ணு தெரியாம ஒக்காந்துக்கிட்டா எனக்குக் கண்ணு வந்துருமாலே? கோட்டி மாதிரிப் பேசாத. எந்திரி" என்றார். என்னை ஒருநாளும் 'லே' போட்டுப் பேசாதவர்.

அவர்தான் கூட்டிப்போனார். முதலில் அண்ணன் மகள் காட்டிய அதே விருதுநகர் ஆஸ்பத்திரி. மதுரையில் படுத்திருந்த பதினோரு நாளில் அவர் ஒரு கண்ணை மட்டும் இழந்துவிட்டு வரவில்லை, நர்ஸுகள் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு உள்ளே வாங்கி வைத்திருந்தார். அங்கிருந்த சிஸ்டரை நிறுத்தி ஆரம்பித்தார். "ஏத்தா, கருவியெல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு செட்டு தனியா வச்சிருக்கீகளா, இல்ல கழுவிக் கழுவி எடுப்பீகளா?" ஒவ்வொருவருக்கும் தனி, துணியில் கட்டி ஆவி மிஷினில் வேகவைத்தது என்று அந்தப் பெண் சொன்னாள். "வெந்துச்சா வேகலையான்னு எப்பிடித் தெரியும்?" அந்தக் கட்டின்மேல் ஒட்டியிருக்கிற பட்டை நிறம் மாறும் என்று எடுத்துக் காட்டினாள். காற்று எங்கிருந்து வருகிறது, உள்ளே எத்தனை பேர் நிற்பார்கள், செருப்பு மாற்றுவார்களா, லென்ஸ் டப்பா பிரிக்காத டப்பாதானா, சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் செய்வார்களா, ராத்திரி வலித்தால் யாருக்குப் போன் செய்வது. ஒன்றையும் விடவில்லை. அந்த சிஸ்டர் பொறுமையாகப் பதில் சொன்னாள். கடைசியில், "அம்மா நீங்க எங்க வேலை பார்த்தீங்க, ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டாள். "வெடி பின்னுனேன்" என்றார் மதினி. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள், ஏழு வருஷம் தாமதமாக, எனக்காக.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை அந்தக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது அதற்கு முந்தின நிமிஷம்.

தள்ளுவண்டியில் என்னைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தரையில் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு மேல் கூட வரக் கூடாது. மதினி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். முதல் கதவைத் தாண்டியபோது என் உடம்பு ஆட ஆரம்பித்தது. மதினியின் உடம்பு அன்றைக்கு ஆடியது போலவே கால் தட்டியது, நிறுத்த முடியவில்லை. கையை நீட்டிக் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடித்திருக்கிறேன் என்பது சிஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "ஐயா, கைய எடுங்க, கதவு மூடணும்" என்றாள். எடுக்க முடியவில்லை. அவள் பாவம் பார்த்து நின்றாள், கதவும் நின்றது. அப்போது கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குரல் கேட்டது. புருஷன் போன நாளிலிருந்து தன் வீட்டு வாசலைக்கூடச் சாத்தாதவர், குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னார்.

"கையத் தள்ளிவிட்டுட்டுச் சாத்துத்தா. சந்து இல்லாம நல்லாச் சாத்து."